ஃபில்டர் மாற்றியும் ஃபர்னஸ் தகராறு செய்தால்: அறிகுறி வாரியாகப் பார்க்கும் முறை

கனடாவின் ரொறன்ரோப் பகுதியில், ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் உறவினர், அயலவர் வீடுகளின் நிலக்கீழ் அறைகளுக்குள் புதிய ஃபில்டரும் கைவிளக்குமாக இறங்கி ஏறியதில் எனக்கு 15 குளிர்காலங்கள் கடந்துவிட்டன. நான் எரிவாயுத் தொழில்நுட்பர் அல்லன். வீட்டைச் சூடாக்கும் இயந்திரமான ஃபர்னஸின் எரிவாயுப் பக்கத்தில் கைவைப்பதுமில்லை. ஆயினும் "வீடு சூடாகுதில்லை" என்று இரவில் வரும் அழைப்புகளில் பெரும்பகுதி, ஃபில்டரிலோ அதை மாற்றும்போது தெரியாமல் அசைத்துவிட்ட ஏதோவொன்றிலோதான் போய் முடிகிறது. ஆகையால் எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்ப்பது, எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு தொழில்நுட்பரை அழைப்பது என்பதை எழுதிவைக்கிறேன். இயற்கை எரிவாயுவில் எரிந்து, குழாய்கள் வழியே வெப்பக்காற்றை அனுப்பும் ஃபர்னஸ்களுக்கே இது பொருந்தும்.

## அழுகிய முட்டை மணம், அல்லது கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கை ஒலி

முதலாவது எரிவாயுக் கசிவின் மணம், இரண்டாவது எரிதலில் உண்டாகும் நச்சுவாயுவுக்கான எச்சரிக்கை. கீழே உள்ள எதையும் செய்துபார்க்க வேண்டாம். விளக்கு சுவிட்சைக்கூடத் தொடாமல் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறி, வெளியே நின்று 911ஐயோ எரிவாயு நிறுவனத்தின் அவசர இலக்கத்தையோ அழையுங்கள். எரிபொருள் சாதனம் உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே இந்த எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவில் 2014 ஒக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள விதி. வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே வேளையில் தலையிடியும் ஓங்காளமும் வந்து, வெளியே போனதும் குறைகிறதென்றால், கருவி ஒலிக்காவிட்டாலும் உள்ளே திரும்பிப் போகாதீர்கள்.

## ஃபில்டர் மாற்றிய கையோடு ஃபர்னஸ் அடியோடு ஓடவில்லை

விசிறிச் சத்தமும் இல்லை, விளக்கும் இல்லை, தெர்மோஸ்டாட்டைக் கூட்டினாலும் அசைவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது ஃபர்னஸின் கீழ்க்கதவு. அதன் பின்னால் ஒரு சிறிய பாதுகாப்பு சுவிட்ச் உண்டு. கதவு அதை முழுதாக அழுத்தினால்தான் மின்சாரம் பாயும். ஃபில்டர் கதவுக்கு உள்ளே இருக்கும் ஃபர்னஸ்களில், கதவைத் திரும்ப மாட்டும்போது கீழ்விளிம்பு காடியில் உட்காராமல் ஒரு நூலளவு வெளியே நின்றாலும் இயந்திரம் செத்ததுபோலக் கிடக்கும். கதவை முழுதாகக் கழற்றி, மேலே தூக்கிச் செருகி, கீழே இறக்கி, உள்ளங்கையால் இரு மூலைகளையும் அழுத்திப் பாருங்கள். அந்த சுவிட்சை ஒட்டுநாடாவால் அழுத்திக் கட்டிவிட்டுக் கதவில்லாமல் ஓடவிடும் வேலையை நான் இரண்டு வீடுகளில் கண்டிருக்கிறேன். அது எரிந்த புகையை வீட்டுக்காற்றோடு கலக்க வழிசெய்யும் வேலை.

கதவு சரியென்றால் அடுத்தது மின்சுவிட்ச். அது பார்ப்பதற்குச் சாதாரண விளக்கு சுவிட்ச் போலவே இருக்கும். ஃபர்னஸின் பக்கவாட்டிலோ, நிலக்கீழ் அறைப் படிகளின் தலைப்பிலோ இருக்கும். ஃபில்டர் மாற்றுவதற்காக அதை அணைத்தவர் நீங்களாகவே இருக்கலாம். விளக்கு என்று நினைத்துப் பிள்ளைகள் அணைத்துவிடுவதும் வழக்கம். அதன்பின் தெர்மோஸ்டாட்டின் திரை வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்து, பற்றரியில் ஓடும் வகையென்றால் புதிய பற்றரி போடுங்கள். பின்னர் மின்பெட்டியில் ஃபர்னஸுக்குரிய பிரேக்கரைப் பாருங்கள். விழுந்திருந்தால் ஒருமுறை மட்டும் தூக்கிவிடுங்கள். மறுபடி விழுந்தால் அது தொழில்நுட்பருக்குரிய விடயம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஓடவில்லையென்றால் கட்டுப்பாட்டுப் பலகையில் உள்ள சிறிய ஃபியூஸ் போயிருக்கலாம். வாகனங்களில் உள்ளதைப் போன்ற அந்த ஃபியூஸ் விலை குறைந்ததுதான் என்றாலும், அது காரணமின்றிப் போவதில்லை. எங்கோ ஒரு கம்பி உரசியிருக்கும். இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

## சூடு வருகிறது, பிறகு நின்றுவிடுகிறது

மிக அதிகமாக வரும் முறைப்பாடு இதுவே. எத்தனை நேரத்தில் நிற்கிறது என்பதை மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டால் பாதி விடை கிடைத்துவிடும். மேல்கதவில் உள்ள சிறிய வட்டக் கண்ணாடி வழியாகச் சுவாலை தெரியும். கீழ்க்கதவின் கண்ணாடி வழியாகக் கட்டுப்பாட்டுப் பலகையின் எல்ஈடி விளக்கு எத்தனை முறை கண்சிமிட்டுகிறது என்று எண்ணலாம். அந்த எண்ணிக்கைக்கு என்ன பொருள் என்ற அட்டவணை பெரும்பாலும் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும். மின்சாரத்தை அணைத்தால் சில பலகைகளில் அந்தக் குறியீடு அழிந்துவிடும் என்பதால், எதையும் அணைக்குமுன் எண்ணிக்கொள்ளுங்கள்.

### சுவாலை சில வினாடிகளில் அணைந்தால்

நெருப்புப் பற்றி, 10 வினாடிகளுக்குள் அணைந்து, மறுபடி பற்ற முயன்று, சில முயற்சிகளின் பின் ஓய்ந்துவிட்டால் ஃபில்டரைக் குறைசொல்ல வேண்டாம். சுவாலை எரிகிறது என்பதை உணர்ந்து பலகைக்குச் சொல்லும் மெல்லிய உலோகக் கம்பியில் படிவு ஏறியிருப்பதே வழக்கமான காரணம். அதைத் துடைப்பது தொழில்நுட்பருக்குச் சிறிய வேலை. வருடாந்தப் பராமரிப்பில் அது செய்யப்பட்டதா என்று கேளுங்கள். ஓய்ந்துபோன ஃபர்னஸை சுவிட்சை அணைத்துப் போட்டு ஒருமுறை உயிர்ப்பிக்கலாம். இரவு முழுவதும் அதையே செய்துகொண்டிருப்பது சரியல்ல.

### சுவாலை சில நிமிடங்கள் எரிந்து அணைந்து, விசிறி மட்டும் தொடர்ந்து ஓடினால்

இதுதான் ஃபில்டரின் கையெழுத்து. போதிய காற்று வராததால் உள்ளே வெப்பம் எல்லை மீறுகிறது. எல்லைச் சுவிட்ச் எரிவாயுவை நிறுத்திவிட்டு, ஆறும்வரை விசிறியை ஓடவிடுகிறது. ஆறியதும் மீண்டும் எரிகிறது. வீட்டில் உள்ளவர்களுக்கு இது "கொஞ்சம் சூடு, பிறகு குளிர்காற்று" என்று தெரியும்.

சுவிட்சை அணைத்து ஃபில்டரை உருவுங்கள். அழுக்காக இருந்தால் மாற்றுங்கள். புதியதாக இருந்தால் அதைக் கையில் வைத்து ஒருகணம் பாருங்கள். என் சின்னம்மா வீட்டில் ஒரு ஜனவரி இரவில், "நேற்றுத்தானே புதுசு போட்டது" என்று அவர் மூன்றாம் முறையாகச் சொல்லிக்கொண்டிருக்க, நான் உருவிய ஃபில்டர் கடையில் சுற்றிவந்த மெல்லிய பிளாஸ்டிக் உறையோடு அப்படியே வெளியே வந்தது; விசிறியின் பக்கம் அந்த உறை வயிற்றைப் போல உள்வாங்கியிருந்தது. உறையைக் கிழித்துச் செருகியதும் அன்றிரவே வீடு சூடேறியது. இன்னொரு வீட்டில் பழைய ஃபில்டர் உள்ளே தள்ளப்பட்டு, அதன் முன்னால் புதியது நின்றது. ஆகவே உருவிய பின் கைவிளக்கை அடித்து உள்ளே இன்னொன்று இருக்கிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஃபில்டர் சுத்தமாக, ஒன்றாக, உறையின்றி இருந்தும் இதே அறிகுறி என்றால், ஃபில்டர் இல்லாமல் 15 நிமிடம் மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். அப்போது அணையாமல் எரிந்தால், நீங்கள் வாங்கிய ஃபில்டர் அந்த ஃபர்னஸுக்கு மிக இறுக்கமானது. ஃபில்டர் எவ்வளவு நுண்ணிய துகள்களைப் பிடிக்கும் என்பதைச் சொல்லும் மெர்வ் எண் பெட்டியில் இருக்கும், அதைப் பாருங்கள். கூடிய எண் கூடிய நன்மை என்று நம்பி, 1 அங்குலத் தடிப்பில் மெர்வ் 13 வாங்கிப் போடுவது இங்கே பரவலான பழக்கம். மெர்வ் 13 நுண்துகள்களை நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் 1 அங்குல ஃபில்டரின் மடிப்புகளில் காற்று புகுவதற்கான பரப்புக் குறைவு; அறைக்காற்றை ஃபர்னஸுக்குத் திரும்பக் கொண்டுவரும், பழைய வீடுகளின் ஒடுங்கிய திரும்புகுழாயோடு அது சேரும்போது விசிறி திணறிப்போகும். மெர்வ் 8 போட்டுப் பாருங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்காக 13தான் வேண்டுமென்றால், 4 அல்லது 5 அங்குல ஃபில்டர் நிற்கும் பெட்டியைத் தொழில்நுட்பரைக் கொண்டு பொருத்துவதே முறையான வழி.

ஃபில்டர் இல்லாமலும் அணைகிறதென்றால் வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். சூடு வேண்டாத அறைகளின் வென்டுகளை (வெப்பக்காற்று வரும் துவாரங்களை) எல்லாம் மூடிவைப்பதால் காசு மிஞ்சாது, காற்றுத்தான் அடைபடும். காற்று திரும்பிப்போகும் பெரிய துவாரத்தின்மேல் சோபா சாய்ந்திருக்கலாம். வாடகைக்கு விட்ட நிலக்கீழ் அறைகளில் அதன் முன்னால் 40 இறாத்தல் அரிசி மூட்டைகள் அடுக்கப்பட்டிருப்பதை ஒருமுறைக்கு மேல் நகர்த்தியிருக்கிறேன்.

அதற்கும் மேல் ஒரு சோதனை உண்டு. ஃபர்னஸின் பெயர்ப்பலகையில் 35 முதல் 65 பாகை ஃபாரன்ஹீட் என்பதுபோல வெப்ப உயர்வு வரம்பொன்று அச்சிடப்பட்டிருக்கும். ஃபர்னஸ் 10 நிமிடம் எரிந்தபின், அதற்கு மிக அருகிலுள்ள வென்டில் சமையலறை வெப்பமானியை வைத்து ஓர் அளவும், காற்று திரும்பும் துவாரத்தில் மற்றோர் அளவும் எடுத்துக் கழியுங்கள். வித்தியாசம் வரம்பை மீறினால் விசிறியின் இதழ்களில் தூசி அப்பியிருக்கலாம், மேலே உள்ள ஏசிச் சுருள் அடைபட்டிருக்கலாம், அல்லது விசிறி மோட்டார் தளர்ந்திருக்கலாம். இவை இதே வரிசையில் செலவு கூடியவை, மூன்றும் தொழில்நுட்பருக்குரியவை. நீண்டகாலம் இப்படி மிகைச்சூட்டில் ஓடிய ஃபர்னஸில் நெருப்பின் வெப்பத்தைக் காற்றுக்குக் கடத்தும் வெப்பமாற்றியில் கீறல் விழவும் கூடும். அப்போது பேச்சு புதிய ஃபர்னஸைப் பற்றியதாகிவிடும்.

### சுவாலை ஒழுங்காக எரிந்தும் இடையிடையே குளிர்காற்று வந்தால்

தெர்மோஸ்டாட்டில் விசிறி "ஓன்" நிலையில் உள்ளதா, "ஓட்டோ" நிலையில் உள்ளதா என்று பாருங்கள். "ஓன்" என்றால் நெருப்பு இல்லாத வேளையிலும் விசிறி சுழலும். சுவாலை அணைந்தபின் ஓரிரு நிமிடம் விசிறி ஓடுவது இயல்பானது.

## பனிப்புயலுக்கு மறுநாள் பற்றவே மறுக்கிறது

உள்ளே சிறிய விசிறியொன்று சுழலும் சத்தம் மட்டும் கேட்டு நெருப்புப் பற்றவில்லையென்றால், ஃபில்டரை விட்டுவிட்டுக் காலணியை மாட்டிக்கொண்டு வெளியே போங்கள். உயர்திறன் ஃபர்னஸ்கள் வீட்டுச் சுவரின் பக்கவாட்டில் நீட்டிய பிளாஸ்டிக் குழாய்கள் வழியாக மூச்சுவிடுகின்றன. காற்று குவித்த பனியோ, பாதையைத் துப்புரவாக்கியவர் எறிந்த பனியோ அவற்றை மூடியிருந்தால், அந்தக் காற்றோட்டத்தைக் கவனிக்கும் அழுத்தச் சுவிட்ச் பற்றுவதற்கு அனுமதி கொடுக்காது. கையால் பனியை அகற்றுங்கள். குழாய் வாயில் பனிக்கட்டி பிடித்திருந்தால் மெல்லத் தட்டி எடுங்கள், இரும்புக் கம்பியால் குத்த வேண்டாம். குழாய் திறந்திருந்தும் பற்றவில்லையென்றால், ஃபர்னஸிலிருந்து நீர் வடியும் சிறுகுழாய் மடிந்திருக்கிறதா, தேங்கிநிற்கிறதா என்று பாருங்கள். அதற்கு அப்பால் அழைப்புத்தான்.

## விசில் சத்தம், அல்லது ஃபில்டர் வளைந்து உள்ளே இழுபடுகிறது

ஃபில்டர் செருகும் வாயின் மூடி தொலைந்துபோய், காற்று அந்த நீள ஓட்டை வழியே சீறுவதே பெரும்பாலும் காரணம். ஓட்டையை மறைக்கக் காந்தத் தகடு விற்கிறார்கள். அளந்து வெட்டி ஒட்டலாம்.

மூடி இருந்தும் சத்தம் வந்தால் அளவைப் பாருங்கள். அட்டையில் 16 × 25 × 1 என்று அச்சிட்டிருப்பது பெயரளவே. உண்மையான அளவு ஒவ்வொரு பக்கமும் கால் முதல் அரை அங்குலம்வரை குறைந்திருக்கும். எனவே பழைய ஃபில்டரை நாடாவால் அளந்து, அந்த எண்ணையே கடையில் கேட்டால் தவறானது கையில் கிடைக்கும். ஃபில்டரைச் சுற்றியுள்ள அட்டைச் சட்டத்தில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 4, 5 அங்குலத் தடிப்பானவற்றில், ஒரே எண் போட்டிருந்தாலும் ஒரு நிறுவனத்தின் பெட்டிக்குள் மற்றதன் ஃபில்டர் சரியாக உட்காராமல் போவதுண்டு. அங்கே பெட்டியின் பெயரையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

வளைந்து இழுபடுவதற்குக் காரணம் பெரும்பாலும் அழுக்கு, அல்லது அம்புக்குறி மாறியிருப்பது. சட்டத்தின் விளிம்பில் உள்ள அம்பு ஃபர்னஸின் விசிறியை நோக்கி இருக்க வேண்டும். மடிப்புகளைத் தாங்கும் கம்பிவலை விசிறிப் பக்கம் இருப்பதற்காகவே அந்த அம்பு. திருப்பிப் போட்டால் உடனே ஒன்றும் நடக்காது. அழுக்கு ஏறஏறச் சட்டம் துவண்டு, ஓரத்தால் தூசி உள்ளே போகத் தொடங்கும்.

## வீடெங்கும் தூசி, ஆனால் ஃபில்டரோ வெள்ளையாகவே இருக்கிறது

மூன்று மாதம் ஆகியும் ஃபில்டர் புதிதுபோல இருக்கிறதென்று மகிழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு காற்று போகிறது என்பதே அதன் பொருள். விசிறி ஓடும்போது ஒரு மென்தாள் துண்டைச் சட்டத்தின் ஓரங்களில் பிடித்துப் பாருங்கள். அது உறிஞ்சப்படும் இடத்தில் இடைவெளி உண்டு. ஊதுபத்திப் புகையில் இன்னும் தெளிவாகத் தெரியும் என்றாலும், ஃபர்னஸ் பக்கம் நெருப்பைக் கொண்டுபோக நான் யாருக்கும் சொல்வதில்லை. சரியான அளவு வாங்கினாலே இடைவெளி பெரும்பாலும் மூடிவிடும்.

இடைவெளி இல்லையென்றால் திரும்புகுழாயின் பொருத்துகளில் காற்று புகும் ஓட்டைகளைத் தேடி, அலுமினிய ஒட்டுநாடாவால் மூடுங்கள். சாதாரணத் துணி ஒட்டுநாடா ஓரிரு ஆண்டில் உதிர்ந்துவிடும்.

## ஃபில்டர் இரண்டு வாரத்தில் அடைபடுகிறது

1 அங்குல ஃபில்டர் ஒன்று முதல் மூன்று மாதமும், தடித்தது ஆறு முதல் பன்னிரண்டு மாதமும் தாங்க வேண்டும். அதற்கு முன்பே அடைபட்டால் அதை வெளிச்சத்தில் பிடித்து நிறத்தைப் பாருங்கள்.

சாம்பல்நிறப் பஞ்சாக இருந்தால் துணி உலர்த்தியின் வெளியேற்றுக் குழாய் பின்னால் கழன்றிருக்கிறது. பல வீடுகளில் உலர்த்தியும் ஃபர்னஸும் ஒரே அறையில் இருப்பதால் பஞ்செல்லாம் நேராக ஃபில்டருக்கு வருகிறது. தீப்பிடிக்கும் அபாயமும் இருப்பதால் அன்றே சரிசெய்யுங்கள்.

வெள்ளை மாவாக இருந்தால், அண்மையில் சுவர் உடைத்தீர்களா என்று நினைத்துப் பாருங்கள். நிலக்கீழ் அறையில் புதிய அறை கட்டும்போது எழும் ஜிப்சம் தூசி ஒரு ஃபில்டரைச் சில நாட்களில் முடித்துவிடும். வேலை நடக்கும் பகுதியில் திரும்புதுவாரத்தைத் தற்காலிகமாக மூடி, மலிவான ஃபில்டர்களை அடிக்கடி மாற்றுங்கள். கட்டட வேலை இல்லையென்றால், மேசையில் வைத்து நீராவிபோலத் தூவும் ஈரப்பதமூட்டியில் குழாய்த்தண்ணீர் ஊற்றுகிறீர்களா என்று பாருங்கள். அதிலுள்ள தாது உப்பே அந்த வெள்ளை.

கறுப்பாக இருந்தால் நம் வீடுகளில் முதல் கேள்வி சாமியறையைப் பற்றியது. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும், நாள்முழுதும் எரியும் எண்ணெய் விளக்கும், வாசனை மெழுகுதிரியும் ஃபில்டரில் நிச்சயம் படியும். அவற்றை நிறுத்துங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. திரியைச் சிறிதாக வைத்து, அறைக் கதவைச் சாத்தி, மாதம் ஒருமுறை ஃபில்டரைப் பார்த்தால் போதும். ஆனால் விளக்கோ சாம்பிராணியோ இல்லாத வீட்டில் கறுப்புப் படிந்தால், அல்லது ஃபர்னஸின் மேல்கதவு ஓரத்தில் கரிப்புகைத் தடம் தெரிந்தால், எரிதல் சரியாக நடக்கவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டுத் தொழில்நுட்பரை அழையுங்கள். உள்ளே சிறு பொத்தான்போல உள்ள சுவாலைப் பாதுகாப்புச் சுவிட்சை நீங்களே அழுத்தி மீட்டுவிடாதீர்கள். அது தடுத்துநின்றதற்குக் காரணம் இருக்கும்.

## ஃபில்டர் ஈரமாக இருக்கிறது

ஈரமான ஃபில்டரை உலர்த்திப் பயன்படுத்த வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். குளிர்காலத்தில் என்றால் குழாயோடு பொருத்திய ஈரப்பதமூட்டியின் தண்ணீர்க் குழாயை மூடி, ஒருநாள் விட்டுப் பாருங்கள். ஈரம் நின்றால் அதன் திண்டும் வடிகுழாயும் மாற்ற வேண்டியவை. கோடையில் என்றால் ஏசிச் சுருளின் வடிதட்டு அடைபட்டிருக்கும். இரண்டும் இல்லாமல் ஈரம் தொடர்ந்தால் ஃபர்னஸின் உள்ளேயே கசிவு இருக்கலாம். கட்டுப்பாட்டுப் பலகையில் தண்ணீர் படுமுன் அழையுங்கள்.

## கோடையில் ஏசி ஓடியும் குளிரவில்லை, குழாயில் பனிக்கட்டி

ஏசியும் இதே விசிறியையும் ஃபில்டரையும்தான் பயன்படுத்துகிறது. ஃபில்டர் அடைபட்டால் சுருள் உறைந்துவிடும். தெர்மோஸ்டாட்டில் குளிரூட்டலை நிறுத்தி, விசிறியை மட்டும் "ஓன்" நிலையில் வைத்து, பனி முழுதும் கரையும்வரை பல மணித்தியாலம் பொறுத்திருங்கள். தரையில் பழைய துவாய்களை விரித்துவையுங்கள். பனியைச் சுரண்டக் கூடாது. புதிய ஃபில்டரோடு ஓடவிட்டு மறுபடி உறைந்தால் குளிர்பதன வாயு குறைந்திருக்கலாம். அதைத் தொடுவதற்கு உரிய சான்றிதழ் வேண்டும்.

## தொழில்நுட்பரை அழைக்கும்போது

ஒன்ராறியோவில் எரிவாயுச் சாதனத்தில் வேலைசெய்பவர், தொழில்நுட்பப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் டிஎஸ்எஸ்ஏ அமைப்பின் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். வீட்டு ஃபர்னஸுக்குப் பொதுவாக ஜி2 என்ற வகை உரிமம். தெரிந்தவரின் தெரிந்தவர் மலிவாகச் செய்வார் என்றாலும் உரிம அட்டையைக் கேட்டுப் பார்க்கத் தயங்காதீர்கள். "ஃபில்டர் பரிசோதிக்க வந்தோம்" என்று கதவைத் தட்டுபவரை உள்ளே விட வேண்டாம். ஃபர்னஸ், காற்றுச் சுத்திகரிப்பான் போன்றவற்றுக்கு, அழைக்காமல் வீடு தேடிவந்து ஒப்பந்தம் எழுதுவது 2018 மார்ச் 1 முதல் இங்கே தடைசெய்யப்பட்டிருக்கிறது.

தொலைபேசியில் பேசும்போது சுவாலை எத்தனை நேரம் எரிந்து அணைகிறது, எல்ஈடி எத்தனை முறை சிமிட்டுகிறது, ஃபில்டரின் அளவும் மெர்வ் எண்ணும் என்ன, கடைசியாக மாற்றிய திகதி எது என்பவற்றைச் சொல்லுங்கள். அந்தத் திகதியை ஃபில்டரின் சட்டத்திலேயே பேனையால் எழுதிவைத்திருந்தால் யோசிக்க வேண்டியிருக்காது; மேல்மாடியில் வீட்டுக்காரரும் கீழே வாடகைக்காரரும் இருக்கும் வீடுகளில், "நீங்கள் மாற்றியிருப்பீர்கள் என்று நினைத்தேன்" என்ற பேச்சுக்கும் இடமிராது. வந்தவர் ஃபர்னஸ் உடனடி ஆபத்து என்று அட்டை கட்டி எரிவாயுவை மூடினால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, வேண்டுமானால் இன்னொரு உரிமம் பெற்றவரிடம் காட்டுங்கள். அதுவரை எரிவாயுவைத் திறக்காமல், மின்சூடாக்கி ஒன்றை வைத்துச் சமாளியுங்கள்.